படியில் எடுத்த தண்ணீர்: விருஷபாவதியோடு ஒரு சனிக்கிழமை

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம், ஐந்து கண்ணாடிப் புட்டிகளை மகளின் பழைய பள்ளிக் காலுறைகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைத்தது. மணி நாலே முக்கால். பல் தேய்க்கவில்லை, காபி போடவில்லை. கண்ணாடி மூடி போட்ட புட்டிகள் அவை. பஸ் குலுக்கலில் ஒன்றோடொன்று இடித்தால் வாய் ஓரம் தெறிக்கும். தெறித்தால் உள்ளே காற்றுப் புகும், சோதனை பாழாகும். ஒரு புட்டியில் எங்கள் காக்ஸ் டவுன் வீட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பி, ஆக்ஸிஜனைச் சோதிக்கும் மருந்து இரண்டையும் விட்டு மூடினேன். நல்ல பழுப்பு நிறத்தில் திரிந்து அடியில் இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க அது கைப்பையில் வந்தது.

இந்த வலைப்பூவில் இதுவரை சாவனதுர்கா, ராமநகரத்துப் பாறைகள் என்று கண்ணுக்கு இதமான இடங்களையே எழுதி வந்திருக்கிறேன். போன மாதம் ஒரு வாசகர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்: விருஷபாவதி ஆற்றை ஒட்டியே ஒரே நாளில் போய் வர முடியுமா? முடியும். பத்தரை மணி நேரம் போதும். பசவனகுடியில் நந்தியின் காலடியில் பிறக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஆறு அது. ஆனால் நான் போனதற்கு அவருடைய கேள்வி மட்டும் காரணமில்லை.

நான் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். பெயர் வேண்டாம். ஊருக்கு வெளியே உள்ள ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் இந்த ஆற்றில் கலக்கிறது. அந்த நிலையத்தின் பெயரும் வேண்டாம். கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தண்ணீர் மாதிரிகள் மாதாமாதம் எங்களிடம் வரும். நான் சோதித்து, படிவத்தில் எண்களை நிரப்பி, கையெழுத்துப் போடுவேன். பதினோரு வருடமாக இதுதான் வேலை. அந்த ஆற்றை நான் பார்த்ததெல்லாம் மைசூர் ரோட்டில் பஸ் ஜன்னல் வழியாக, அதுவும் மூக்கைப் பிடித்துக்கொண்டு. எங்கள் தொழிலில் தண்ணீர்தான் எங்களிடம் வரும். நாங்கள் தண்ணீரிடம் போவதில்லை.

மாதிரி எடுத்து வந்துகொண்டிருந்த அந்தோணி ஜனவரியில் ஓய்வு பெற்றார். பிரிவு உபசார டீயின்போது தன் நோட்டை என்னிடம் ஒப்படைத்தார். அதில் எல்லா மாதமும் ஒரே மாதிரி எழுதியிருந்தது: மேல், பாலம். கீழ், படி. எங்கள் படிவத்திலோ 'கலக்கும் இடத்துக்கு நூறு மீட்டர் கீழே' என்று அச்சாகியிருக்கும். என்ன படி என்று கேட்டேன்.

"படின்னா படிதான் மேடம். குழாய் வாய்கிட்ட நாலு படி கட்டியிருக்கான். அங்கதான் கால் வைக்க எடம்" என்றார், சமோசாவைக் கடித்துக்கொண்டே.

"நூறு மீட்டர் என்ன ஆச்சு?"

"அங்க எறங்கினா இடுப்பு வரைக்கும் சேறு. எனக்கு முந்தி இருந்தவரும் படிலதான் எடுத்தாரு, அவர் காட்டின எடம்தான். நல்ல எடம் மேடம், வழுக்கவே வழுக்காது."

அவர் ஏமாற்றவில்லை. ஒரு நல்ல வழக்கத்தைச் சொல்லித் தருகிற முகத்தோடுதான் சொன்னார். ஆனால் குழாய் வாயில் நின்று எடுத்தால் கிடைப்பது பெரும்பாலும் நிலையத்தின் தண்ணீர், ஆற்றின் தண்ணீர் அல்ல. பதினோரு வருடமும் என் அட்டவணையில் மேல் மாதிரி மோசமாகவும் கீழ் மாதிரி நல்லதாகவும் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். மகளின் பள்ளிக் கண்காட்சிக்கு அதையே படமாக வரைந்தும் கொடுத்தேன். இந்தப் பக்கம் கறுப்பாக நுழையும் ஆறு, அந்தப் பக்கம் நீலமாக வெளியே வரும். ஏன் இவ்வளவு நல்லதாக வருகிறது என்று ஒரு முறைகூட எனக்குத் தோன்றவில்லை. கெட்ட எண் வந்தால்தான் நாங்கள் மறுபடி சோதிப்போம்.

பிப்ரவரி, இரண்டாம் சனிக்கிழமை, அலுவலகம் விடுமுறை. ராமநகரம் போவதாக வீட்டில் சொன்னேன். காக்ஸ் டவுனில் 6.05-க்கு பஸ். சிவாஜிநகர் வரை நாலு ரூபாய், அங்கிருந்து மார்க்கெட்டுக்கு ஆறு ரூபாய், மார்க்கெட்டிலிருந்து கெங்கேரிக்குப் பத்து ரூபாய். 7.40-க்கு இறங்கிவிட்டேன். நாயண்டஹள்ளி தாண்டியதும் பஸ்ஸில் எல்லாரும் பேச்சை நிறுத்தாமலே முந்தானையையும் கைக்குட்டையையும் மூக்குக்குக் கொண்டுபோனார்கள். புதிதாக வருகிறவர்கள் மட்டும்தான் முகம் சுளிப்பார்கள்.

கெங்கேரியில் ஆற்றோரமாகப் போக வேண்டும் என்றதும் மூன்று ஆட்டோக்காரர்கள் மறுத்தார்கள். நாலாவது ஆள் தேவராஜ். மதியம் இரண்டு மணி வரை, காத்திருப்பையும் சேர்த்து ஐந்நூறு ரூபாய். நான் கன்னடத்தில் பேரம் பேச, அவர் தமிழில் பதில் சொன்னார். "உங்க கன்னடத்துலயே தமிழ் தெரியுது மேடம்." கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடி ஆறேழு வருடமாகிறது. கொஞ்ச காலம் தினம் ரயிலில் வந்துபோய், பிறகு குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்டார்.

"டிவியா மேடம்?"

இல்லை என்றேன்.

"பொல்யூஷன் போர்டா?"

அதுவும் இல்லை.

"அப்போ இன்னாத்துக்கு இந்த மோரில எறங்கறீங்க? வேண்டுதலா?"

இந்தப் பக்கம் சாக்கடையை மோரி என்பார்கள். ஆற்றை மோரி என்கிறாரே என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் அந்த எண்ணம் போய்விட்டது.

முதல் இடம் பாலம். கெங்கேரி பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். 8.20-க்குச் சேர்ந்தோம். தண்ணீர் கறுப்பு என்று எழுதினால் போதாது. கிரீஸ் பூசியது போன்ற கனம், அதன் மேல் முழங்கால் உயர நுரை. கயிற்றில் வாளியை இறக்கி, புட்டியில் குமிழி வராமல் நிரப்பி, இரண்டு மருந்தையும் விட்டு மூடினேன். தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜனை எடுத்த இடத்திலேயே இப்படிப் பூட்டிவிட வேண்டும். ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும், இல்லாவிட்டால் வெள்ளை. சீட்டில் இடமும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டினேன். அதற்குள் புட்டி வெள்ளையாகிவிட்டது.

"பால் மாதிரி ஆச்சே. நல்லதா?" என்றார் தேவராஜ்.

மூச்சே இல்லை என்று அர்த்தம் என்றேன். கைப்பையிலிருந்து வீட்டுப் புட்டியை எடுத்துக் காட்டினேன்.

"அப்போ டீன்னா உயிரு, பாலுன்னா சாவு. சரி, இது நம்ம தலைக்கு ஏறுது" என்றார். அன்று நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

9.00 மணி, படி. பாலத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். நிலையத்தின் மதில் சுவரை ஒட்டி வெளியே ஒற்றையடிப் பாதை, யார் அனுமதியும் தேவையில்லை. நாலு சிமெண்ட் படிகள், அந்தோணி சொன்னதுபோலவே உலர்ந்து கிடந்தன. குழாயிலிருந்து விழும் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவு, ஈரத்துணி வாசனை மட்டும். புட்டி வெளிர் பழுப்பாகத் திரிந்தது. "டீ" என்றார் தேவராஜ். நிலையத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தன்னிடம் வந்த தண்ணீரை அது சுத்தம் செய்து விட்டிருக்கிறது. ஊர் கழித்துவிடுவதில் பெரும்பகுதி அதனிடம் வருவதே இல்லை, அவ்வளவுதான்.

படியிலிருந்து பார்த்தபோது எல்லாம் தெரிந்தது. தெளிந்த தண்ணீர் கரையோரமாக ஒரு பாவாடை நாடா போல ஓடுகிறது. அதற்கு அப்பால் ஆறு முழுக்கக் கறுப்பு. படி சரியாக அந்த நாடாவுக்குள் நிற்கிறது. நாற்பது தப்படி தள்ளி அதே கரையில் ஒரு சாக்கடை வந்து விழுகிறது. அங்கே நாடா முடிந்துவிடுகிறது. பதினோரு வருடம் நான் 'ஆறு' என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டது அந்த நாற்பது தப்படிக்குத்தான்.

படிவத்தில் சொன்ன நூறு மீட்டரில் எடுத்தே தீர வேண்டும் என்று இறங்கினேன். தேவராஜ் எங்கிருந்தோ இரண்டு தென்னை மட்டைகளை இழுத்து வந்து போட்டார். இருந்தும் முழங்கால் வரை புதைந்தது, வலது செருப்பு போய்விட்டது. புட்டி வெள்ளையாயிற்று. அவர் பால் என்று சொல்லவில்லை. கையைக் கொடுத்து மேலே இழுத்துவிட்டார்.

10.20-க்கு பிடதி. பஸ் நிலையத்துக்கு எதிரே குழாயடியில் மூன்று வாளித் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவினேன். ரப்பர் செருப்பு முப்பது ரூபாய். பிடதி வந்தால் தட்டு இட்லி சாப்பிடாமல் போகக் கூடாது. தட்டு அகலத்துக்கு ஒரு இட்லி, மேலே வெண்ணெய், எட்டு ரூபாய். தேவராஜ் நாலு சாப்பிட்டார். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

பிடதியிலிருந்து பைரமங்கலா ஏரிப் பக்கம் ஏழு கிலோமீட்டர் போய், ஆற்றங்கரையில் ஒரு சிறிய கிராமத்தில் நின்றோம். மணி 11.15. வழியெல்லாம் பச்சை. தீவனப்புல், நெல், முசுக்கொட்டை, தென்னை என்று கண் கூசுகிற பச்சை. படம் மட்டும் எடுத்துப் போட்டால் நீங்கள் கேரளா என்பீர்கள். சாக்கடையில் அவ்வளவு உரம் இருக்கிறது. தரைப்பாலத்தில் நின்று எடுத்த கடைசிப் புட்டியும் வெள்ளைதான். இவ்வளவு தூரம் ஓடியும் ஆறு ஒரு மூச்சுகூடத் திரும்ப எடுக்கவில்லை.

புட்டியோடு நிற்பதைப் பார்த்து ஒரு பெண் வந்தாள். பெயர் பார்வதம்மா, முப்பத்தைந்து வயதிருக்கும். தளி பக்கம் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டுப் பதினேழு வருடம் ஆனவள். அதனால் தமிழ் பேசினாள். கால் மெட்டி கரி பூசியதுபோல் இருந்தது. வெள்ளிதான், இங்கே காற்றிலேயே கறுத்துவிடுகிறது என்றாள். வேதியியல் படித்த எனக்கு, அது சாக்கடையிலிருந்து எழும் கந்தக வாயுவால் என்று தெரியும். தெரிந்து என்ன?

வீட்டு வாசலில் எனக்கு நாற்காலி போட்டாள், தேவராஜ் என் தோளுக்குப் பின்னால் திண்ணையில் உட்கார்ந்தார். வெயில், எனக்குத் தாகம். அவள் சொம்பு கொண்டுவரவில்லை. கடைக்கு ஆளனுப்பி இரண்டு பாட்டில் கலர் வாங்கிவரச் செய்தாள்.

"வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கறத இந்த ஊர்ல விட்டுட்டோம் மேடம். தப்பா நெனைக்காதீங்க."

போர் தண்ணீர் சோப்புப் போட்டதுபோல் நுரைக்கிறதாம். காலையில் வடித்த சோறு சாயங்காலம் மஞ்சளாகிறதாம். சின்ன மகளுக்குக் காலெல்லாம் சிரங்கு. உட்கார்ந்து சொறிந்துகொண்டே வீட்டுப்பாடம் எழுதுகிறாள். வேறு இடத்திலிருந்து குழாய் போட்டு நல்ல தண்ணீர் கொடுங்கள் என்று இரண்டு வருடமாக ஊரே மனு கொடுத்துக்கொண்டிருக்கிறது. மனுவோடு அலைவது இவள். கடைசியாகப் போனபோது ஒரு அலுவலகத்தில் அவளிடம் ஒரு காகிதத்தை நகலெடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு வைத்திருந்தாள். எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

எங்கள் ஆய்வகப் படிவம். மேல், கீழ், இரண்டு பத்தி எண்கள். கீழ் மாதிரி வரம்புக்குள் இருக்கிறது என்று அடியில் ஒரு வரி. அதற்கும் அடியில் என் கையெழுத்து. வெறும் கையெழுத்துதான், பெயர் அச்சிடும் வழக்கம் எங்களிடம் இல்லை. வரம்பு என்றால் ஆற்றில் விடுவதற்கான வரம்பு, குடிப்பதற்கான வரம்பு அல்ல. அதையும் அந்தக் காகிதம் சொல்லவில்லை.

"ஆத்துத் தண்ணியே நல்லா இருக்குதுன்னு லேப்ல எழுதிக் குடுத்துட்டாங்க, அப்பறம் உன் போருக்கு என்ன கேடுன்னு கேக்கறாங்க மேடம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நீங்க படிச்சவங்க. இது பொய்யா நெசமா, அத மட்டும் சொல்லுங்க."

இரண்டு தடவை படித்தேன். படிக்க அதில் ஒன்றும் இல்லை. எல்லா எண்ணும் எனக்கு மனப்பாடம்.

"நம்பர் நெசந்தாம்மா. ஆனா இந்தத் தண்ணியோட நம்பர் இல்ல" என்றேன்.

"அப்போ எந்தத் தண்ணியோடது?"

காகிதத்தை அவளிடம் திருப்பி நீட்டினேன். அவள் அதை வாங்கி உறைக்குள் போட்டாள். "கையெழுத்துப் போட்டவரு ஒரு தடவ இங்க வந்து நின்னிருந்தா போதும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆமாம் என்றேன். ஆரஞ்சு கலரைக் கடைசிவரை குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, எழுந்து வந்தேன். இதை எழுதும்போதுகூட அந்த 'ஆமாம்' என் காதில் கேட்கிறது.

திரும்பும்போது பிடதி தாண்டினோம். கண்ணாடியில் என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தே தேவராஜ் கேட்டார். "அந்தக் கையெழுத்து உங்களுதுதானே மேடம்? பாட்டில் சீட்டுல போட்டீங்களே, அதே சுழி."

"ஆமா."

"நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க அங்கயே சொல்லியிருக்கலாம்."

"பயந்துட்டேன்."

"அது தெரிஞ்சுது" என்றார்.

1.50-க்கு கெங்கேரி. ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். மேலே கொடுத்த ஐம்பதை வாங்கிக்கொள்ளவில்லை, தன் போன் நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்தார். நாலரைக்கு வீடு. ராமநகரம் எப்படி என்று கணவர் கேட்டார். வெயில் அதிகம் என்றேன்.

திங்கட்கிழமை எங்கள் மேலாளரிடம் பேசினேன். போய் வந்ததைச் சொல்லவில்லை. கீழ் மாதிரியை இனி நூறு மீட்டரில் எடுக்கலாமா என்று மட்டும் கேட்டேன். கெட்ட மனிதர் இல்லை. படம் போட்டு விளக்கினார். இத்தனை வருடமாக ஒரே இடத்தில் எடுத்த தொடர் இது, இடத்தை மாற்றினால் தொடர் உடைந்துவிடும், பழைய எண்களோடு ஒப்பிட முடியாமல் போகும். கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். சரி சார் என்று என் மேஜைக்குத் திரும்பினேன். தவறான இடத்தில் தொடங்கிய கணக்கை, தொடங்கிவிட்டோம் என்பதற்காகவே தவறாமல் தொடர்கிறோம். அந்தோணிக்குப் பதிலாகப் புதிதாக வந்தவரும் இந்த மாத மாதிரியைப் படியில்தான் எடுத்து வந்திருக்கிறார். அந்தோணி காட்டின இடம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் கூடி, ஆறு தன் நிஜமான நிறத்தை மறைத்துவிடும். முழுதாக மூடிய ஷூ போடுங்கள், மாற்றுச் செருப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீர் கையோடு இருக்கட்டும், கிராமத்தில் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். வெள்ளி நகை வேண்டாம். ஆட்டோவை கெங்கேரியிலேயே பேசிவிடுங்கள், பிடதியில் கிடைப்பது கஷ்டம். போக வர பஸ் நாற்பது, ஆட்டோ ஐந்நூறு, இட்லி, செருப்பு எல்லாம் சேர்த்து எனக்கு அறுநூற்றுச் சொச்சம் ஆயிற்று. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பிறகு சாப்பிட முடியாது.

இந்த ஊரில் நாம் குளிக்கிற, துவைக்கிற, கழுவிவிடுகிற தண்ணீர் எங்கோ போய்விடுகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது எங்கோ போகவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் காலுக்குப் போகிறது. என்னைப்போல ஒருத்தி அதற்குச் சான்றிதழும் எழுதி அனுப்புகிறாள். ஆறு சரியாகும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. என் காலத்திலும் இல்லை, மகள் காலத்திலும் இல்லை. அந்தக் கிராமத்துக்குக் குழாய் வரும் என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் போனால் என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார், தொடர் உடையாது.

என் கணவர் தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. மகள் எஞ்சினியரிங் இரண்டாம் வருடம். வீடு ஓடுவது என் சம்பளத்தில். இதையெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் நேற்று மதியம், சாப்பாட்டு வேளையில், ஒரு கடிதம் எழுதினேன். பதினோரு வருடத்துக் கீழ் மாதிரிகள் எல்லாமே நிலையத்தின் குழாய் வாயில் எடுத்தவை, ஆற்றில் எடுத்தவை அல்ல, இவற்றைச் சோதித்துக் கையெழுத்திட்டவள் நான் என்று கன்னடத்தில் ஒரு பிரதி, ஆங்கிலத்தில் ஒரு பிரதி. அடியில் முழுப்பெயர், பதவி, வீட்டு முகவரி. வருகிற சனிக்கிழமை அதை பார்வதம்மாவின் கையில் கொடுத்து, அந்தக் கையெழுத்து என்னுடையது என்று சொல்லப்போகிறேன். மனுவோடு அவள் அதை எங்கே வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளட்டும்.

கணவரிடம் சொல்லவில்லை. அவர் என் பயணக் கட்டுரைகளைப் படிப்பதில்லை. எங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இப்போது யாரும் இல்லை. தேவராஜுக்கு போன் செய்து, காலை எட்டு மணிக்கு கெங்கேரியில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். மறுபடியும் பாட்டிலா மேடம் என்று கேட்டார். இல்லை என்று மட்டும் சொன்னேன்.